தேரும் முட்டுக்கட்டையும்: முடக்குவாதம், சகாகுச்சியின் டி செல்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்லி ஆர்.கே. புரத்தில் இருக்கிறேன். பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். என் தங்கைக்கு 14 வருஷமாக முடக்குவாதம். அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பழக்கத்தில், இந்தி சரளமாக வராத நம் பெரியவர்கள் சிலருக்கும் துணையாகப் போகிறேன். டாக்டர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வது என் வேலை. எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பைத் தாக்காமல் தடுக்கும் டி செல்கள் பற்றிய கண்டுபிடிப்புக்காக, ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி உட்பட மூவருக்கு 2025 அக்டோபரில் மருத்துவ நோபல் அறிவித்த நாள் முதல் மலைமந்திர் கோயில் படிக்கட்டில், காய்கறி வண்டிப் பக்கத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று எங்கே போனாலும் ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் பொறுப்பு. அவர் சொல்வது உங்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முடக்குவாதம்னா கை கால் இழுத்துக்கறதா, டீச்சர்?

இல்லை. அது பக்கவாதம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ வருவது. முடக்குவாதம் மூட்டுகளின் நோய். ஊர்ப்பக்கம் சரவாங்கி என்பார்கள், டாக்டர் சீட்டில் ஆர்.ஏ. என்று இருக்கும், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்.

மூட்டின் உள்பக்கத்தில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. நோயெதிர்ப்பு செல்கள் அங்கே கூட்டமாகப் புகுந்து அந்தச் சவ்வைத் தடிக்க வைக்கின்றன. வீக்கம், சூடு, சிவப்பு, வலி எல்லாம் சேர்ந்து வருகின்றன. இதைத்தான் அழற்சி என்கிறோம். அழல் என்றால் நெருப்பு, பொருத்தமான சொல். அணைக்காமல் விட்டால் அந்த நெருப்பு குருத்தெலும்பையும் பிறகு எலும்பையும் அரித்துவிடும்.

வயசானா எல்லாருக்கும் முட்டி வலிக்கும்தானே? இதுல தனியா என்ன இருக்கு?

வயதானால் வருவது பெரும்பாலும் தேய்மானம். நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். முடக்குவாதம் அதற்குத் தலைகீழ். ராத்திரி ஓய்வெடுத்து எழுந்த பிறகுதான் மோசமாக இருக்கும். விரல், மணிக்கட்டு, கால்விரல் போன்ற சின்ன மூட்டுகள், அதுவும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வீங்கும். காலை இறுக்கம் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும்.

என் தங்கைக்கு முதலில் தெரிந்தது காபி டபராவில்தான். காலை ஆறு மணிக்கு விரல் மடங்காது, இரண்டு கையாலும் ஏந்திக் குடிப்பாள். பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து பூத் தொடுப்பாள். "அப்ப ஒண்ணுமில்லை" என்று நாங்களே எட்டு மாதம் தள்ளிப்போட்டோம். அப்போது அவளுக்கு 38 வயது. ஆறு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் ருமட்டாலஜி டாக்டரைப் பாருங்கள். எலும்பு அறுவை செய்யும் ஆர்த்தோ டாக்டர் வேறு, இவர் வேறு.

சிக்குன்குனியா வந்துட்டுப் போனப்புறம்தான் எனக்கு மூட்டு வலி. ரெண்டும் ஒண்ணா?

பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். 2016 இல் டெல்லியில் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் போய் மாதக்கணக்கில் கை வீங்கிக் கிடந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். பெரும்பாலோருக்கு அது மெதுவாகத் தணிந்துவிடும்.

பிரித்துப் பார்க்க ரத்தப் பரிசோதனை உதவும். ஆர்.எஃப். என்ற ஒன்று நோயில்லாத சிலருக்கும் பாசிட்டிவ் காட்டும், அதனால் அதை மட்டும் வைத்து அழவேண்டாம். ஆன்ட்டி சி.சி.பி. என்பது முடக்குவாதத்தை இன்னும் குறிப்பாகக் காட்டும். இரண்டும் நெகட்டிவாக இருந்தும் நோய் உள்ளவர்கள் உண்டு. கையைத் தொட்டுப் பார்க்கும் டாக்டரின் கணிப்புதான் கடைசி வார்த்தை.

எதிர்ப்பு சக்தி கொறஞ்சதாலதானே இது வருது?

எனக்கு மிக அதிகமாக வந்த கேள்வி இதுதான். இந்தத் தப்பான எண்ணத்தால் மருந்தை விட்டவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். முடக்குவாதத்தில் எதிர்ப்பு சக்தி குறைவதில்லை. சொந்த உடம்பையே அன்னியம் என்று நினைத்துத் தாக்குகிறது.

ஊரில் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். வடம் பிடித்து இழுக்க நூற்றுக்கணக்கான பேர். நம் கண் அவர்கள்மேல்தான் இருக்கும். சக்கரத்தை ஒட்டி மரக்கட்டையும் கையுமாகக் குனிந்தபடியே சிலர் வருவார்கள். தேர் திரும்பவேண்டிய முனையில், நிற்கவேண்டிய இடத்தில், கட்டையைச் சரியாகச் சக்கரத்துக்கு அடியில் செருகுவார்கள். அந்தச் சிலர் இல்லையென்றால் தேர் யார் வீட்டுத் திண்ணையில் ஏறும் என்று சொல்ல முடியாது. பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை போடுகிறான் என்றால் கெடுக்கிறான் என்று பொருள். தேரடியில் அவன்தான் ஊரைக் காப்பவன்.

நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகை டி செல்கள். கிருமியைத் தாக்கும் டி செல்கள் வடம் இழுப்பவர்கள். அவற்றுக்கு நடுவிலேயே முட்டுக்கட்டை போடும் டி செல்களும் உண்டு. ஒழுங்குபடுத்தும் டி செல்கள், சுருக்கமாக டி-ரெக். அப்படி ஒரு தனி வகை இருப்பதைக் காட்டியவர்தான் சகாகுச்சி.

சரி, அந்த ஜப்பான்காரர் அப்படி என்னதான் கண்டுபிடிச்சார்?

ஷிமோன் சகாகுச்சி 1951 இல் பிறந்தவர், இப்போது ஒசாகா பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. டி செல்களின் பள்ளிக்கூடம் அதுதான். சொந்த உடம்பைத் தாக்கும் குணமுள்ள செல்களில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படும். தைமஸை எடுத்துவிட்டால் டி செல் குறையும், எதிர்ப்பு சக்தியும் குறையும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் பிறந்து மூன்றாம் நாள் தைமஸை எடுத்த சுண்டெலிகளின் சினைப்பை அழிந்துபோவதை 1969 இலேயே வேறு இரு ஜப்பானியர்கள் கவனித்திருந்தார்கள். அந்தப் புதிருக்காகவே சகாகுச்சி கியோட்டோவில் மேற்படிப்பை விட்டுவிட்டு, ஐச்சி புற்றுநோய் மையத்தின் ஆய்வுக்கூடத்தில் போய்ச் சேர்ந்தார்.

அவர் செய்தது எளிமையான சோதனை. தைமஸ் எடுத்த எலிக்கு, அதே இனத்து ஆரோக்கியமான எலியின் டி செல்களை ஏற்றினார். நோய் வரவில்லை. ஆகவே ஆரோக்கியமான எலியின் டி செல் கூட்டத்துக்குள் மற்றவற்றை அடக்கும் செல்கள் ஒளிந்திருக்கின்றன. எவை அவை? எல்லாம் பார்க்க ஒரே மாதிரி. அடையாளம் கண்டுபிடிக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. 1995 இல் விடை கிடைத்தது: சிடி4 என்ற வகை டி செல்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றின் மேல்புறத்தில் சிடி25 என்ற புரதம் இருக்கிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கை நீக்கிவிட்டு மீதியை, சொந்த டி செல் இல்லாத எலிகளுக்கு ஏற்றினால் தைராய்டு, இரைப்பை என்று பல உறுப்புகளில் நோய் வந்தது. நீக்கியதைத் திரும்பச் சேர்த்தால் வரவில்லை.

வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த சோதனைகளில் இவ்வளவு தெளிவானவை கொஞ்சம்தான். எடு, நோய் வருகிறது. வை, நோய் வருவதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

இவருக்கு முன்னாடி யாருக்குமே இது தோணலையா?

தோன்றியது. 1970களில் 'சப்ரஸர் டி செல்' என்ற பெயரில் பெரிய அலையே அடித்தது. அந்தச் செல்களில் இருப்பதாகச் சொன்ன ஒரு மூலக்கூறுக்கான மரபணு, இருக்கவேண்டிய இடத்தில் இல்லவே இல்லை என்று 1980களில் தெரிந்ததும் அலை வடிந்துபோனது. அடக்கும் செல் என்று பேசினாலே மற்ற ஆய்வாளர்கள் முகம் திருப்பிக்கொண்ட காலம் அது. சகாகுச்சி அந்தக் காலத்தில்தான் விடாமல் எலிகளோடு உட்கார்ந்திருந்தார். நம்பாதவர்களில் முக்கியமான ஒருவர் அமெரிக்காவின் ஈதன் ஷெவாக். தன் ஆய்வுக்கூடத்தில் தானே செய்து பார்த்து, 1998 இல் உண்மைதான் என்று எழுதினார். சந்தேகப்பட்டவர் கையாலேயே நிரூபணமானது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பரிசு மூணு பேருக்காமே? மத்த ரெண்டு பேர் என்ன பண்ணாங்க?

மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல். இருவரும் அமெரிக்கர்கள். 1940களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் சில ஆண் சுண்டெலிகள் தோல் செதில் செதிலாக உரிந்து, மண்ணீரல் வீங்கி, சில வாரங்களிலேயே செத்தன. அந்த வம்சத்துக்கு ஸ்கர்ஃபி என்று பெயர். அவற்றின் டி செல்கள் சொந்த உறுப்புகளையே தாக்கின. 1990களில் பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சின்ன மருந்துக் கம்பெனியில் இதன் காரணத்தைத் தேடினார்கள். எக்ஸ் குரோமோசோமில் 20 மரபணுக்கள் வரை சுருக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இருபதாவதில்தான், கடைசி ஒன்றில்தான், பிழை இருந்தது. 2001 இல் அந்த மரபணுவுக்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டு கதையும் 2003 இல் ஒன்றுசேர்ந்தன. சகாகுச்சியும், தனித்தனியாக வேறு குழுக்களும், டி-ரெக் செல்லை உருவாக்கும் சாவியே ஃபாக்ஸ்பி3 தான் என்று காட்டினார்கள். ஸ்கர்ஃபி எலிக்கு முட்டுக்கட்டை போட ஆளே கிடையாது என்று அப்போது புரிந்தது.

எலிக்கு நடந்தா மனுஷனுக்கும் நடக்குமா? எலி வேற, நாம வேறதானே?

சில சமயம் அப்படியே நடக்கிறது. இதே ஃபாக்ஸ்பி3 பழுதாகிப் பிறக்கும் ஆண்குழந்தைகள் உண்டு. ஐபெக்ஸ் என்று அந்த நோய்க்குப் பெயர், மிக அரிது. கைக்குழந்தையிலேயே நிற்காத வயிற்றுப்போக்கு, சர்க்கரை நோய், தோல் படை. எலும்பு மஜ்ஜை மாற்றினால் பிழைக்கலாம்.

சில சமயம் எதிர்பாராதது நடக்கிறது. 2006 மார்ச்சில் லண்டனில் ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்கு டிஜிஎன்1412 என்ற புது மருந்தைச் செலுத்தினார்கள். எலிகளில் அது டி-ரெக் செல்களைப் பெருக்கியிருந்தது, முடக்குவாதத்துக்கு உதவும் என்று நம்பினார்கள். விலங்குகளுக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் 500 இல் ஒரு பங்குதான் கொடுத்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் உடம்பெல்லாம் அழற்சி கொந்தளித்தது. அடுத்த சில மணி நேரங்களில் உறுப்புகள் செயலிழந்து, தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள். மனித உடம்பில் அந்த மருந்து முட்டுக்கட்டைக்காரர்களை எழுப்புவதற்குப் பதிலாக வடம் இழுப்பவர்களை எழுப்பிவிட்டது. "எலிக்குச் சரியாச்சாம், நமக்கு ஏன் இன்னும் தரலை" என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆய்வு மெதுவாக நடப்பது நம்மைக் காப்பதற்குத்தான்.

அப்ப எனக்கு டி-ரெக் கம்மியா? டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாமா?

முடக்குவாதத்தைக் கண்டுபிடிக்கவோ மருந்தை முடிவுசெய்யவோ டி-ரெக் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. யாராவது அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

விஷயம் எண்ணிக்கையோடு முடிவதில்லை. வீங்கிய மூட்டு நீரை எடுத்துப் பார்த்தால் டி-ரெக் செல்கள் தாராளமாகவே இருக்கின்றன, ஆனால் அவற்றின் வேலை எடுபடவில்லை. கட்டையோடு ஆட்கள் நிற்கிறார்கள், சக்கரம் அவர்களைத் தாண்டி ஓடுகிறது. மூட்டில் சுரக்கும் டிஎன்எஃப் என்ற புரதம் அவற்றின் கையைத் தளர்த்துவது ஒரு காரணம். லண்டனில் 2004 இல் வெளியான ஓர் ஆய்வில், டிஎன்எஃப்பை மடக்கும் மருந்து கொடுத்ததும் நோயாளிகளின் டி-ரெக் செல்கள் மறுபடி அடக்கத் தொடங்கின. இது பின்னால் ஊசி பற்றிய கேள்வியிலும் வரும்.

வம்சத்துல வருமா? எம் பொண்ணுக்கும் வந்துடுமோன்னு பயமா இருக்கு.

மரபணுவுக்குப் பங்கு உண்டு, ஆனால் தலையெழுத்து இல்லை. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வருவது நூற்றுக்கு சுமார் 15 பேருக்குத்தான். மரபணு முழுதும் ஒன்றாக இருந்தும் இவ்வளவுதான். நம் நாட்டில் நோயின் அளவும் ஓரளவு தெரியும்: டெல்லியை ஒட்டிய கிராமப்புறத்தில் நடத்தி 1993 இல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு முடக்குவாதம் இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

மரபணுவும் சூழலும் எப்படிக் கைகோக்கின்றன என்பதற்கும் சகாகுச்சியின் ஆய்வுக்கூடத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அவரும், அவர் மனைவியும் ஆய்வாளருமான நோரிகோ சகாகுச்சியும் எஸ்கேஜி என்ற சுண்டெலி வம்சத்தை வளர்த்தார்கள். டி செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதத்தில் பிழை. தைமஸ் பள்ளிக்கூடத்தில் தோற்க வேண்டிய செல்கள் தேறி வெளியே வந்துவிடுகின்றன, எலிக்கு மனித முடக்குவாதம் போலவே கால் வீங்குகிறது. இதை 2003 இல் எழுதினார்கள். அதே எலிகளைக் கிருமியில்லாத சுத்தமான கூண்டில் வளர்த்தால் மூட்டு நோய் வருவதில்லை. பூஞ்சையின் சுவரில் இருக்கும் ஒரு பொருளைக் கொடுத்தால் வந்துவிடுகிறது. பிழை உள்ளே இருந்தது, தீக்குச்சி வெளியிலிருந்து வந்தது.

மனிதர்களில் நன்றாக நிரூபணமான தீக்குச்சி புகைப்பழக்கம். வீட்டில் யார் பீடி, சிகரெட் பிடித்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். பல் ஈறு நோயையும் கவனிக்கலாம்.

டெல்லி குளிர்தான் காரணம்கறாங்க. சென்னைக்கே போயிட்டா சரியாயிடுமா, அக்கா?

குளிர் நோயை உண்டாக்குவதில்லை. ஜனவரியில் இறுக்கமும் வலியும் அதிகமாகத் தெரிவது உண்மை. வெந்நீரில் கை வைத்தால், கையுறை போட்டால் இதமாக இருக்கும். சென்னையிலும் ருமட்டாலஜி வார்டுகள் நிரம்பித்தான் இருக்கின்றன.

புளி, கத்திரிக்காய், உருளைக்கிழங்கு எல்லாத்தையும் விடணுமா?

வேண்டாம். இவை முடக்குவாதத்தைக் கிளப்புகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. யூரிக் அமிலத்தால் வரும் கவுட் நோய்க்குப் பத்தியம் உண்டு, அந்தப் பட்டியல் கைமாறி நம் அடுக்களைக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே மெலிந்துபோன ஒரு அம்மா புளியும் பருப்பும் விட்டு வெறும் மோர்சாதம் சாப்பிட்டு வந்ததைப் பார்த்து எனக்கு மனசு தாங்கவில்லை.

சீந்தில் கஷாயம் குடிச்சா எதிர்ப்பு சக்தி ஏறுமாமே?

முதலில் தேர்க் கதையை இன்னொரு தரம் படியுங்கள். இழுப்பவர்கள் வெறிகொண்டு இழுக்கும்போது இன்னும் நூறு பேரைக் கூப்பிடுவானேன்?

இங்கே கிலோய் என்று விற்பது சீந்தில் கொடிதான். கொரோனா காலத்தில் டெல்லியில் வாசலுக்கு வாசல் காய்ச்சினார்கள். 2021 இல் மும்பை டாக்டர்கள், அதைக் குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக எழுதினார்கள். எதிர்ப்பு சக்தி சொந்தக் கல்லீரலைத் தாக்கும் வகையிலான பாதிப்பு. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்தச் சர்ச்சை எப்படியிருந்தாலும், முடக்குவாதத்துக்கு நீங்கள் சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட்டும் கல்லீரலைக் கவனிக்கவேண்டிய மருந்து. இரண்டையும் சேர்க்காதீர்கள். என்ன பொடி, என்ன லேகியம் எடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள், அவர் திட்டினால் நான் பக்கத்தில் இருக்கிறேன். "மூன்றே நாளில் வலி போகும்" என்று பெயரில்லாத பொட்டலத்தில் வரும் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மெத்தோட்ரெக்ஸேட் புத்துநோய் மருந்தாமே? எனக்கு ஏன் குடுக்கறாங்க?

அதே மருந்துதான், அளவுதான் வேறு. முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. புற்றுநோய்க்குப் பல சமயம் அதைப்போலப் பல மடங்கு. இந்தச் சின்ன அளவில் அது செல்களைக் கொல்வதைவிட அழற்சியைத் தணிக்கிறது. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். வலி மாத்திரை வலியை மட்டும் மறைக்கும், எலும்பு அரிப்பதை நிறுத்தாது.

இனி சொல்வதைக் காலண்டரில் எழுதி வையுங்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. என் தங்கைக்கு முதல் மாதத்திலேயே இது நடந்தது. மருந்துக் கடையில் கவர்மேல் "தினம் ஒன்று" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், நாங்களும் சீட்டைப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் வாயெல்லாம் புண், தண்ணீர் விழுங்க முடியவில்லை, வெள்ளை அணுக்கள் பாதாளத்துக்குப் போயிருந்தன. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்றும் அவள் வீட்டில் ஞாயிறு கட்டத்தில் சிவப்புப் பேனாவால் 'மெ' என்று எழுதியிருக்கும். டாக்டர் சொல்லும் வேறு நாளில் ஃபோலிக் அமிலம். சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை.

வலி சுத்தமா போயிடுச்சு. நிறுத்திடலாமா?

வலி போனது மருந்து வேலை செய்வதால். தானாக நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வருகிறது, அடுத்த தடவை அடக்குவது இன்னும் கஷ்டமாகலாம். நீண்ட காலம் நோய் அடங்கியிருந்தால் டாக்டரே மெல்லக் குறைப்பார்.

பயலாஜிக் ஊசின்னாங்க. அதுக்கு முன்னாடி எதுக்கு டிபி டெஸ்ட்?

லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும், ரவீந்தர் மைனி என்ற இந்திய வம்சாவளி டாக்டரும் முடக்குவாத மூட்டில் டிஎன்எஃப் மற்ற அழற்சிப் புரதங்களையெல்லாம் கிளப்பிவிடும் மூத்த கை என்று கண்டார்கள். அதை மடக்கும் மருந்தை 1992 இல் முதல் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். வருஷக்கணக்கில் நடக்க முடியாதவர்கள் மாடிப்படி ஏறினார்கள். இன்று உள்ள பல பயலாஜிக் ஊசிகளின் தொடக்கம் அது.

ஆனால் டிஎன்எஃப் கெட்டது மட்டும் செய்வதில்லை. நம்மில் பலருக்குச் சின்ன வயதில் புகுந்த டிபி கிருமி நுரையீரலில் அடைபட்டுத் தூங்குகிறது. அந்தச் சிறையின் சுவரை நிற்க வைப்பதில் டிஎன்எஃப்புக்குப் பங்கு உண்டு. மருந்தால் சுவர் தளர்ந்தால் கிருமி எழும். அதனால்தான் எக்ஸ்ரேயும், மான்டூ அல்லது இக்ரா பரிசோதனையும். பாசிட்டிவ் என்றால் முதலில் தடுப்பு மருந்து கொடுத்துவிட்டு ஊசி தொடங்குவார்கள். இந்த டெஸ்டை அலைச்சல் என்று நினைத்துத் தட்டிக் கழிக்காதீர்கள்.

நோபலே குடுத்தாச்சே! டி-ரெக் ஊசி எய்ம்ஸ்ல எப்ப வரும்?

முடக்குவாதத்துக்கு டி-ரெக் செல் சிகிச்சை எந்த ஆஸ்பத்திரியிலும் வழக்கமான சிகிச்சையாக இன்னும் இல்லை. ஆய்வு இரண்டு மூன்று வழிகளில் போகிறது. டி-ரெக் விரும்பிச் சாப்பிடும் இன்டர்லூக்கின்-2 என்ற புரதத்தைச் சின்ன அளவில் கொடுத்து உடம்புக்குள்ளேயே பெருக்குவது ஒன்று. நோயாளியின் ரத்தத்திலிருந்தே அவற்றைப் பிரித்து, வெளியில் வளர்த்துத் திரும்ப ஏற்றுவது இன்னொன்று. மூன்றாவது, மூட்டைத் தேடிப்போகும்படி அவற்றின் மரபணுவைத் திருத்துவது. ராம்ஸ்டெல் சார்ந்திருக்கும் சோனோமா பயோதெரபியூட்டிக்ஸ் என்ற கம்பெனி முடக்குவாதத்தில் இதை முதற்கட்டச் சோதனையாகச் செய்கிறது. முதற்கட்டம் என்றால் பாதுகாப்பைப் பார்க்கும் கட்டம். ஏன் அவ்வளவு நிதானம் என்பது லண்டன் இளைஞர்கள் கதையில் இருக்கிறது.

ஒரு எடத்துல காசு கட்டினா செல் ஏத்தி ஒரேயடியா குணமாக்கறோம்னாங்க. போலாமா?

போகாதீர்கள். ஸ்டெம் செல் சிகிச்சை சில ரத்த நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றாக முறையாக நடக்கிறது. அதற்கு வெளியே, முறையான ஆய்வுச் சோதனையாக மட்டுமே செய்யலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல். சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன என்று கேளுங்கள். மருந்துச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடு அது, யாரும் இணையத்தில் சரிபார்க்கலாம். எண் சொல்லத் தயங்கினாலோ சிகிச்சைக்குப் பணம் கேட்டாலோ எழுந்து வந்துவிடுங்கள். நகையை விற்றுப் பணம் கட்டவிருந்த ஒரு அண்ணியை நான் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறேன்.

முட்டுக்கட்டையைக் கூட்டினா புத்துநோயைத் தடுக்கற சக்தி போயிடாதா?

நல்ல கேள்வி. கேட்டது பன்னிரண்டாம் வகுப்புப் பெண். பல புற்றுக்கட்டிகள் டி-ரெக் செல்களைத் தங்களைச் சுற்றி வரவழைத்து, அவற்றின் மறைவில் வளர்கின்றன. அதனால் புற்றுநோய் ஆய்வாளர்கள் முட்டுக்கட்டையை எடுக்கப் பார்க்கிறார்கள், முடக்குவாத ஆய்வாளர்கள் போடப் பார்க்கிறார்கள். டி செல்லின் தடைகளை விலக்கும் புற்றுநோய் மருந்துகளுக்கு அடித்தளம் போட்டதற்காக 2018 இல் நோபல் கிடைத்தது. அந்த மருந்து எடுத்துக்கொள்ளும் சிலருக்கு மூட்டு அழற்சி வருகிறது. உடம்பு முழுக்க அடக்காமல் மூட்டில் மட்டும் அடக்கும் செல்லைத் தேடுவது இதனால்தான்.

பொண்ணுக்குக் கல்யாணம் பேசிட்டிருக்கோம். அவளால குழந்தை பெத்துக்க முடியுமா, மாமி?

முடியும். மாப்பிள்ளை வீட்டில் மறைக்கவும் வேண்டாம், டாக்டரிடம் கேட்க வெட்கப்படவும் வேண்டாம். மெத்தோட்ரெக்ஸேட் கருவைப் பாதிக்கும், அதனால் கருத்தரிக்கும் முன்பே நிறுத்தவேண்டும். எத்தனை மாதம் முன்பு என்று டாக்டர் சொல்வார். அதற்கு மாற்றாக, கர்ப்பத்திலும் தொடரக்கூடிய ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்ற மருந்துகள் உண்டு. திட்டமில்லாமல் நாள் தள்ளிப்போனால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அதிசயம் என்னவென்றால், கர்ப்பத்தில் பலருக்கு முடக்குவாதம் தானாகவே தணிகிறது. குழந்தை பாதி அப்பாவின் அம்சம், அம்மாவின் எதிர்ப்பு சக்திக்கு அது அன்னியம். அதைத் தாக்காமல் இருக்க அம்மா உடம்பில் டி-ரெக் செல்கள் பெருகுகின்றன. மூட்டுக்கும் அந்த நிழல் கிடைக்கிறது என்று கருதுகிறார்கள்.

பிரசவம் ஆனதும் அந்த நிழல் விலகும். முதல் சில மாதங்களில் பலருக்கு நோய் மறுபடி கிளம்புகிறது, குழந்தையைத் தூக்கவே மணிக்கட்டு ஒத்துழைக்காது. அதனால் ஊரிலிருந்து துணைக்கு வருபவர்கள் பிரசவம் முடிந்த கையோடு கிளம்பாமல், ஐந்தாறு மாதம் கழித்துத் திரும்பும்படி டிக்கெட் எடுக்கட்டும். மருந்தை மறுபடி எப்போது தொடங்குவது, பால் கொடுக்கும்போது எது ஆகும் என்பதை எட்டாம் மாதத்திலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.